பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்! காப்பகத்துக்கு காசு எங்கிருந்து வருகிறது?

சென்னை,

ராத்திரி 11 மணிக்கு மேல் வால்டாக்ஸ் ரோடு, என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். கடை ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் பாய் விரிகிறது. குழந்தைக்கு கொசுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு அம்மா உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இவர்களை எல்லாம் பிச்சைக்காரர்கள் என்று நினைத்துக் கடந்து போகிறோம். ஆனால் பலரும் விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள்தான். மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, பூ கட்டுவது, மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று ஏதோ ஒரு பிழைப்பு இருக்கிறது. வீடு மட்டும்தான் இல்லை.

2011 மக்கள் தொகை கணக்கெடுப்பின்படி சென்னையில் வீடு இல்லாமல் இருந்தவர்கள் 16 ஆயிரத்துக்கும் மேல். அடுத்து 2021-ல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. ஆக, பழைய கணக்கை வைத்துதான் பேச வேண்டி இருக்கிறது.

இவர்களுக்காக மாநகராட்சி என்ன செலவு செய்கிறது, அந்தக் காசு யாருடையது என்று வாசகர்கள் பலருக்கும் சந்தேகம் இருக்கும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

கோர்ட்டு போட்ட உத்தரவு

டெல்லியில் நடுங்கும் குளிரில் ஒரு இரவு காப்பகத்தை இடித்துவிட்டார்கள். அந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அதில் 2010-ல் கோர்ட்டு போட்ட உத்தரவுகள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கு அப்படித்தான் வந்தது.

சென்னை மாநகராட்சி 2011-ல் 200 வார்டுகளாக விரிந்தது. ஜனத்தொகை 66 லட்சத்தைத் தாண்டியது. அப்படியானால் குறைந்தது 66 காப்பகம் வேண்டும். 2019 வாக்கில் இருந்தது சுமார் 50. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், முதியவர்கள், மனநலம் பாதித்தவர்கள் என்று தனித்தனியாக இவை நடக்கின்றன. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தங்குவதற்கும் சில உண்டு. கட்டிடமும் பணமும் மாநகராட்சி கொடுக்கும். உள்ளே நடத்துவது தொண்டு நிறுவனங்கள்.

6 லட்சம் எப்படி 33 ரூபாய் ஆகிறது?

2013-ல் மத்திய அரசு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தைத் தொடங்கியபோது காப்பகத்துக்கும் ஒரு பட்ஜெட் போட்டது. 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு பராமரிப்புச் செலவு வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய். முதலில் மத்திய அரசு 75 சதவீதம், மாநிலம் 25 சதவீதம். பிறகு இது 60-க்கு 40 என்று மாறியது.

6 லட்சத்தை 50 பேருக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 12 ஆயிரம். மாசம் ஆயிரம். ஒரு நாளைக்கு சுமார் 33 ரூபாய்! ரெண்டு டீயும் ஒரு பன்னும் சாப்பிட்டாலே தீர்ந்துவிடும் காசு.

இந்த 33 ரூபாயில் ஒரு மேனேஜர் சம்பளம், மூணு ஷிப்டுக்கு மூணு பராமரிப்பாளர் சம்பளம், கரண்டு, தண்ணீர், பினாயில், பாய், போர்வை எல்லாமே அடங்க வேண்டும். ஒரு ஆளுக்கு 50 சதுர அடி இடம் தர வேண்டும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் விதி. இந்தச் சம்பளத்துக்கு நல்ல ஆள் நிற்பாரா? நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழிவறை நாறும், வந்தவர் மறுபடி பிளாட்பாரத்துக்கே போய்விடுவார். "அதுக்கு இதுவே காத்தோட்டமா இருக்கு"ன்னு ஒரு பேச்சு வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் கை கொடுக்கிறது. 2013-ல் ஆரம்பித்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அதுவும் மாநகராட்சி செலவுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்தத் திட்டத்தில் பராமரிப்புப் பணம் 5 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு உள்ளாட்சியே பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளாட்சியின் சொந்தக் காசு என்றால் பெரும்பாலும் நீங்களும் நானும் கட்டும் சொத்து வரிதான். வாடகை வீட்டில் இருப்பவரும் தப்பவில்லை. ஓனர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார்.

பணம் வந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. கையில் நிதி இருந்தும் காப்பகம் வரவில்லையே என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கடிந்துகொண்டது. டெல்லி ஐகோர்ட்டு முன்னாள் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு கமிட்டியையும் போட்டது.

வீட்டுக்கு வேற கணக்கு

காப்பகம் என்பது படுக்கை. வீடு அல்ல. வீட்டுக்கான பணம் வேறு குழாயில் வருகிறது. அங்கேதான் சிக்கலே.

2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் வீடு கட்டினால் மத்திய அரசு 1½ லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம் கிடைத்தது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்து ஏற்றினால் பணம் பேங்க் கணக்கில் விழும். 2024-ல் தொடங்கிய அதன் 2-ம் கட்டத்தில் இந்த உதவி 2½ லட்சம். ஆனால் மனைக்கு பட்டா வேண்டும். பிளாட்பாரத்துக்கு யார் பட்டா கொடுப்பார்கள்?

இன்னொரு வழி, ஹவுஸ் ஒதுக்கீடு. 1970-ல் பிறந்த குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். அது கட்டும் அடுக்குமாடி வீட்டுக்கும் மத்திய அரசு தருவது 1½ லட்சம்தான். மீதியை மாநில அரசும் பயனாளியும் போட வேண்டும். அன்றாடம் கூலி வாங்குகிறவர் தன் பங்கைக் கட்ட வட்டிக்கு வாங்கத்தான் ஓட வேண்டும்.

காசைப் புரட்டினாலும் லிஸ்டில் பெயர் வேண்டும். ஆற்றங்கரை, கால்வாய் ஓரக் குடிசைகளை எடுக்கும்போது வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள். குடிசை இருந்தால் நம்பர் உண்டு. பாயும் மூட்டையும் மட்டும் வைத்திருப்பவர், கணக்கெடுக்க வரும் பகல் நேரத்தில் வேலையில் இருப்பார். அப்புறம் எங்கே நம்பர்?

அப்படியே கிடைத்தாலும் எங்கே கிடைக்கிறது? 2000-ம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகர், அதற்குப் பிறகு பெரும்பாக்கம். பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவருக்கு பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்சில் டிக்கெட் இல்லை, சரி. விடியற்காலை 4 மணிக்கு கொத்தவால்சாவடியில் நிற்க வேண்டியவர் எந்த பஸ்சைப் பிடிப்பார்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளில் இருந்து அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் வேலைக்காக ஊருக்குள்ளேயே திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம்.

நடுவில் ஒரு படி

காப்பகத்தில் இருந்து நேராக சொந்த வீட்டுக்குத் தாண்டுவது நடக்கிற காரியமா? நடுவில் ஒரு சின்ன வாடகை ரூம் வேண்டும். அங்கே தடுப்பது வாடகை இல்லை, அட்வான்ஸ்! சென்னையில் 10 மாச அட்வான்ஸ் கேட்டுப் பழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாசத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற சொல்லில்தான் எல்லாம் ஓடிவிடுகிறது.

குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு 2020-ல் மத்திய அரசு தனித் திட்டமே கொண்டு வந்தது. டார்மிட்டரி படுக்கை கூட அதில் உண்டு. 2024-ம் ஆண்டுத் திட்டத்திலும் வாடகை வீட்டுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. மாநகராட்சி தன் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே இப்படி சில ரூம்களை வைத்தால், பட்டாவும் லிஸ்டும் கேட்காமலே ஒரு குடும்பம் மேலே ஏறும்.

உங்கள் தெருவில் யாராவது படுத்திருந்தால் 1913-க்கு போன் பண்ணலாம். மாநகராட்சி ஆட்கள் வந்து பேசுவார்கள். விருப்பம் இல்லாதவரை வலுக்கட்டாயமாக ஏற்றிப் போகக் கூடாது. அடையாள அட்டை இல்லை என்று காப்பகத்தில் திருப்பி அனுப்பவும் கூடாது. உள்ளே போனதும் அந்தக் காப்பக விலாசத்திலேயே ஆதார், ரேஷன் கார்டு, வோட்டர் ஐ.டி.க்கு மனுப் போட உதவி கேளுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த வீட்டு லிஸ்டில் பெயர் ஏற, முதலில் ஒரு விலாசம் கையில் இருக்க வேண்டும்.