சாளரத்திற்கு வெளியே ஒரு நிலம்

மருத்துவமனையில் பல நாள்கள் தங்க நேரும்போது கண்ணுக்குக் கிடைக்கும் காட்சிகள் மிகக் குறைவு. சுவர், திரைச்சீலை, துளித்துளியாக இறங்கும் மருந்துநீர், கடிகாரம் ஆகியவையே திரும்பத் திரும்பத் தெரியும். உடனிருப்போருக்கும் இதே நிலைதான். அந்நேரத்தில் சாளரத்தின் வழியே தெரியும் ஒரு வேப்பமரமோ, சுவரில் தொங்கும் ஏரிப் படமோ மனத்திற்குச் சற்று இடம் தருகிறது.

இதனை ஆராய்ந்தவர் ரோஜர் உல்ரிக். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். அவர்களில் பாதிப் பேரின் அறையிலிருந்து மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கற்சுவர் தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர்; வலுவான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளியான இவ்வாய்வு சிறியதே. காட்சி மருந்துக்கு மாற்றாகாது; ஆனால் மருந்தோடு துணைநிற்கக்கூடும் என்னும் எண்ணத்திற்கு அது வித்திட்டது.

மாட்டு வண்டியில் ஒரு கேமரா

நிலத்தையும் கட்டடங்களையும் படம்பிடிக்கத் தமிழகமெங்கும் பயணம் செய்த முன்னோடிகளுள் ஒருவர் லின்னேயஸ் ட்ரைப். 1822-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்து, பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரானார். 1857 டிசம்பரில் தம் கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படம்பிடித்து, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை சேர்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றாக இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுடைய ஒரே படமாக ஆக்கினார்.

அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். அதற்கு நீல ஒளியின் உணர்வு மிகுதி. ஆகையால் நிலம் சரியாகப் பதியும் வேளையில் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். ட்ரைப் நெகட்டிவ்வின் மீது தூரிகையால் மேகங்களைத் தீட்டி அக்குறையை நிறைவு செய்தார்.

ஒரே ஏரி, இரு கருவிகள்

வானத்தையும் நிலத்தையும் ஒருசேரப் பிடிப்பது இன்றும் எளிதன்று. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரை எண்ணிப் பாருங்கள். பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர் பாகூர் ஏரியை நிறைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரி ததும்பும்; வலசைப் பறவைகள் வந்திறங்கும். ஊருக்குள் சோழர் காலத்து மூலநாதர் கோயில். ஏரிக்கரையில் விடியற்காலையில் நிற்பவருக்கு நீரின் மேல் கூசும் ஒளியும், பனைகளின் அடியில் அடர்ந்த இருளும் ஒரே சட்டகத்தில் அமையும்.

இங்கேதான் இரு கருவிகளின் இயல்பும் வெளிப்படுகிறது. ஃபிலிம் நெகட்டிவ்வில் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் ஒளியை ஏற்கின்றன. ஒளி சற்று மிகுந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும்; குறைந்தால் நிழற்பகுதி மீட்க இயலாதவாறு மறைந்துவிடும். டிஜிட்டல் கேமராவின் இயல்பு இதற்கு எதிரானது: நிழலிலிருந்து நுட்பங்களை மீட்கலாம்; ஆனால் அளவு மீறி வெளுத்த நீர்ப்பரப்பை மீட்கவே முடியாது. ஆகவே இரண்டையும் சுமந்து செல்பவர், ஃபிலிமுக்கு நிழலைப் பார்த்தும், டிஜிட்டலுக்கு ஒளிமிகுந்த பகுதியைப் பார்த்தும் அளவு வைக்கிறார். டிஜிட்டலில் ஒளியைச் சோதித்தறிந்த பின்னர் ஃபிலிமில் எடுப்போரும் உண்டு. நடுத்தர அளவு ஃபிலிம் சுருள் ஒன்றில் சதுரப் படங்கள் 12 மட்டுமே கிடைக்கும். அந்த எண்ணிக்கையே காத்திருக்கக் கற்றுத்தருகிறது.

பழைய படம் சொல்லும் சாட்சி

நிலக்காட்சிப் படத்தின் பயன் அதை எடுத்த நாளோடு முடிவதில்லை. 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படக் கலைஞர்கள், அடுத்த ஆண்டு முதலே தென்னிந்தியக் கோயில்களைத் தேடிப் பயணம் செய்து ஃபிலிமில் பதிவுசெய்தனர். ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் அங்குச் சேர்ந்தன. பின்னர் அவை டிஜிட்டல் வடிவிற்கு மாற்றப்பட்டன. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோய் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றைச் சென்றடைந்தபோது, அது அக்கோயிலுக்குரியது என்பதற்கு இத்தொகுப்பின் பழைய படமே சான்றாயிற்று. 2014-இல் சிலை இந்தியாவிற்குத் திரும்பியது. படத்தை எடுத்தவர் அன்று கள்வனை எண்ணியிருக்க மாட்டார். கண்டதை ஒழுங்காகப் பதிந்து வைத்தார், அவ்வளவே.

நம் கையிலுள்ள படங்கள்

நோயாளிகளின் குடும்பங்களும் இத்தகைய சாட்சியத்தைப் பையில் சுமக்கின்றன. எக்ஸ்ரே படம் ஒரு நெகட்டிவ்தான். கதிர்களைத் தடுத்த எலும்பு வெண்மையாகவும், தடையின்றி விட்ட காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் தெரிகின்றன. ஃபிலிமில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே இன்று பெரும்பாலும் டிஜிட்டலாகிவிட்டது. மருத்துவர் திரையில் பெரிதாக்கியும், ஒளியைக் கூட்டிக் குறைத்தும் பார்க்கிறார். ஆயினும் மார்பில் தெரியும் ஒரு தழும்பு பழையதா, புதிதா என்னும் கேள்விக்கு முந்தைய படமே பெரிதும் உதவுகிறது. பழைய படத்தில் அதே இடத்தில் அதே அளவில் அது இருந்திருந்தால், நோயாளியின் கவலையும் அடுத்தடுத்த சோதனைகளும் குறையக்கூடும். ஆகவே, சிகிச்சை முடிந்தது என்று பழைய படங்களை எறிந்துவிட வேண்டா.

ஃபிலிம் படங்களை மடிக்காமல், உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். கடற்கரைப் பகுதியின் ஈரக்காற்றில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். குறுந்தகட்டில் தரப்பட்டவற்றை வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள். நாளும் மருத்துவமனையின் பெயரும் உறையின் மேல் தெளிவாக இருக்கட்டும். மறுமுறை வரும்போது அவற்றையும் உடன் கொண்டுவாருங்கள்.

நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்கு அவருடைய ஊரின் படம் ஒன்றையும் கொண்டுவரலாம். அவர் நடந்த ஏரிக்கரையோ, உழுத வயலோ, வீட்டு வாசலோ, எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். கைப்பேசியில் எடுத்ததாயினும் தாளில் அச்சிட்டுத் தாருங்கள். இரவில் திரையின் ஒளி உறக்கத்தைக் கெடுக்கும். கட்டிலுக்கு எதிரே, தலையைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் செவிலியரிடம் கேட்டு மாட்டுங்கள். பிறகு அந்த இடத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், அருகில் அமர்ந்து கேளுங்கள்.