பட்டி பூசினா துரு போயிடுமா?

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்த பழைய லாரி பார்க்கறீங்களா? பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. தகரக் கேபின் கதவோட அடியில ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா, அங்கே இருப்பது கெட்டியா அப்பின பட்டி! அடுத்து, டிரைவர் காலடியில இருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்குங்க. ஈரம் தங்கி சத்தமில்லாம அரிக்கிற இடம் அது.

மேலாப்ல துருன்னா தேய்ச்செடுத்து பிரைமர் அடிச்சாப் போதும். ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உள்ளே இறங்குதா? டிங்கரிங் பட்டறைதான் ஒரே வழி. நல்ல தகரம் தெரியுற வரை வெட்டிட்டு, அதே கனத்துல புதுத் துண்டு வெல்டிங் வைக்கணும். அதுக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டச் சொல்லுங்க. உட்பக்கமும் பிரைமர் அடிச்சாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. பல இடத்துல விட்டுடறது அதைத்தான். 8 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு, அதையும் கணக்குல வெச்சு விலை பேசுங்க.