கீசரை 'டைரக்ட்' பண்ணிட்டா ஓடும். ஆனா ஓட விடலாமா?

இந்த எபிசோட்ல பாத்ரூம் சுவத்துல தொங்குற கீசரோட கீழ் மூடியைத் திறந்து பார்க்கப் போறோம். காரணம், வாடகை வீட்ல இருக்குற பல பேர்கிட்ட நான் கேட்ட ஒரே கதை. கீசர்ல தண்ணி சூடாகல. எலக்ட்ரீஷியன் வந்தார். "கட்-அவுட் போயிருக்கு, டைரக்ட் பண்ணிட்டேன், இனிமே பிரச்சினை இல்ல"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். தண்ணியும் நல்லா சூடாகுது. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். வீட்ல பரவலா இருக்குறது 15 லிட்டர் தொட்டியும் 2000 வாட் காயிலும். 230 வோல்ட்ல இது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 25 டிகிரில இருக்குற தண்ணியை 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 18 நிமிஷம் ஆகும். அந்தச் சூடு வந்ததும் கரண்டை நிறுத்துறது தெர்மோஸ்டாட். தண்ணி ஆறினா அதுவே திரும்ப கரண்டைக் கொடுக்கும்.

தெர்மோஸ்டாட்டும் ஒரு சுவிட்ச்தான். வருஷக்கணக்கா ஆன், ஆஃப் ஆகி ஆகி, உள்ள இருக்குற காண்டாக்ட் ஒரு நாள் உருகி ஒட்டிக்கலாம். ஒட்டிக்கிச்சுன்னா காயில் நிக்காம சூடாகிட்டே இருக்கும். அதுக்காகத்தான் ரெண்டாவது காவலா கட்-அவுட் வைக்கிறாங்க. தெர்மோஸ்டாட்டைத் தாண்டி சூடு ஏறினா இது லைனை வெட்டிடும். பல மாடல்ல இது தானா திரும்ப ஆன் ஆகாது. ஒரு சின்ன பட்டனை நாமதான் அமுக்கணும். அப்படி வச்சதுக்கே காரணம், ஒரு மனுஷன் வந்து 'ஏன் விழுந்துச்சு?'ன்னு பார்க்கணும்ங்கிறதுதான்.

'டைரக்ட்' பண்றதுன்னா, கட்-அவுட்டோட ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிடுறது. தெர்மோஸ்டாட் ஏற்கெனவே ஒட்டிக்கிட்டிருந்தா, இப்போ காயிலை நிறுத்த உள்ள எதுவுமே இல்ல. 60 டிகிரி தண்ணியே சுமார் 5 செகண்ட்ல தோலை ஆழமா வேக வச்சிடும். அதுக்கு மேல போனா மிச்சம் இருக்குறது பிரஷர் வால்வு மட்டும்தான். போர்வெல் உப்புத் தண்ணி ஓடுற வீடுகள்ல அந்த வால்வும் உப்பு படிஞ்சு இறுகிப் போயிருக்கலாம். 1 லிட்டர் தண்ணி ஆவியானா 1600 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். அடைபட்ட தொட்டிக்குள்ள அந்த இடம் கிடையாது. தொட்டி வெடிக்கிறது இப்படித்தான்.

சரி, முறையா எப்படி மாத்தணும்? மல்டிமீட்டரைக் கையில எடுத்ததே இல்லைன்னா நீங்களே திறக்காதீங்க. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, பக்கத்துல நின்னு இதையெல்லாம் அவர் செய்றாரான்னு பாருங்க.

ஒண்ணு: கரண்டைத் துண்டிக்கணும். சுவிட்சை ஆஃப் பண்ணா மட்டும் போதாது. ஒயரிங்ல தப்பு பண்ணி சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருந்தா, ஆஃப் பண்ணாலும் காயில் வரைக்கும் ஃபேஸ் வந்து நிக்கும். ப்ளக்கை உருவணும். ப்ளக் இல்லாம நேரா ஒயர் இழுத்திருந்தா மெயினையே இறக்கி, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி, சுவிட்ச் மேல ஒரு டேப்பும் ஒட்டணும்.

ரெண்டு: கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணணும். டெஸ்டர் எரியலைங்கிறதை நம்பாதீங்க. உள்ள பல்பு போயிருந்தாலும் அது எரியாது. மல்டிமீட்டரை முதல்ல கரண்ட் இருக்குற ஒரு சாக்கெட்ல வச்சு, அது வேலை செய்யுதான்னு பார்க்கணும். அப்புறம் கீசர்ல. அப்புறம் மறுபடி அதே சாக்கெட்ல. மூணு தடவையும் சரியா வந்தாதான் கை வைக்கணும்.

மூணு: ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

நாலு: எது போச்சுன்னு அளந்து பார்க்கணும். ஒயரைக் கழட்டின பிறகு, 2000 வாட் காயில் நல்லா இருந்தா சுமார் 26 ஓம்ஸ் காட்டும். காயில் முனைக்கும் தொட்டி உடம்புக்கும் நடுவுல எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினா காயிலையும் மாத்தியாகணும்.

அஞ்சு: புது பார்ட், பழசுக்குப் பொருந்தணும். ஆம்பியர், வெப்பநிலை அளவு, உள்ள போற குச்சியோட நீளம், முனைகளோட எண்ணிக்கை, எல்லாமே. முடிஞ்சா அதே கம்பெனியோட பார்ட்டையே கேளுங்க. கட்-அவுட் மட்டும் விழுந்திருந்தாலும் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்காம விடாதீங்க. ஒரு தடவை பட்டனை அமுக்கி, திரும்பவும் விழுந்தா, பட்டன் மேல பழி போடாம காரணத்தைத் தேடணும்.

ஆறு: ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமா இருக்கணும். லூசான முனை வழியா 8 ஆம்பியர் ஓடினா அந்த இடமே சூடாகிக் கருகும். கருகின ஒயர் முனையை வெட்டிட்டுப் புதுசா லக் போடணும். பச்சை எர்த் ஒயர் தொட்டி உடம்புல உறுதியா நிக்கணும். ப்ளக்கோட பெரிய பின்னுக்கும் தொட்டிக்கும் நடுவுல மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டணும்.

ஏழு: முதல்ல தண்ணி, அப்புறம் கரண்ட். சுடுதண்ணிக் குழாயில தண்ணி விடாம வர்ற வரைக்கும் சுவிட்ச் போடக் கூடாது. காலித் தொட்டியில காயில் எரிஞ்சிடும். போட்ட பிறகு, சூடேறி கரண்ட் தானா நிக்குதான்னு பக்கத்துலயே இருந்து பாருங்க. அது நின்னாதான் வேலை முடிஞ்சதா அர்த்தம்.

இன்னொண்ணு. வீட்டு மெயின் போர்டுல 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. எம்.சி.பி. காப்பாத்துறது ஒயரை, ஈரக் கையோட நிக்கிற ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. அதுல இருக்குற டெஸ்ட் பட்டனை அமுக்கினா உடனே விழணும். விழலைன்னா அதையும் மாத்தணும்.

வீட்டு ஓனர் "இப்போதைக்கு டைரக்ட்லயே ஓட்டுங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு சொன்னா, சண்டை போட வேண்டாம். என்ன கழட்டியிருக்குன்னு போட்டோவோட எழுத்துல ஒரு மெசேஜ் அனுப்புங்க. பார்ட் வர்ற வரைக்கும் ப்ளக்கை உருவி வச்சிடுங்க. ஒரு மாசம் அடுப்புல தண்ணி காய வச்சுக் குளிச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.