கண்ணாடியில் ஓர் அழகுத் தட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர், உடலையும் கரையையும் கோர்வையால் ஒரே சேலையாக்குவர். நிறப் பொருத்தம் அறிந்த அக்குடும்பங்களுக்கு ஏற்ற துணைத்தொழில் ஒன்றை ஈண்டு விளக்குவோம். அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. ஆகவே கண்ணாடித் தொழில் நமக்குப் புதிதன்று.

நிறக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அவை இளகி ஒன்றாகும். ஆறிய தகட்டைக் குழிந்த அச்சின்மேல் வைத்து, 650 முதல் 700 டிகிரி வரை மீண்டும் சூடாக்கினால், தன் எடையாலேயே படிந்து சிறு தட்டாகும்.

புட்டிக் கண்ணாடியையும் ஜன்னல் கண்ணாடியையும் கலத்தல் ஆகாது. ஆறுங்கால் அவை வெவ்வேறளவிற் சுருங்குவதால் தட்டு வெடிக்கும். ஒவ்வொரு முறையும் 500 டிகிரியளவில் சற்று நிறுத்தி, மெல்ல ஆறவிட வேண்டும். விரைந்து சூளையைத் திறந்தால் நாம் இழப்பது தட்டை மட்டுமன்று; ஒருநாள் உழைப்பையும் மின்கட்டணத்தையுமாம். பொறுமையே இத்தொழிலின் முதல்.