சுருளோடு மறைந்த ஒலி

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி முதலிய காவிரிப்படுகை ஊர்களின் திரையரங்குகளிலும் ‘டி.டி.எஸ்.’ என்னும் மூன்றெழுத்து ஒரு காலத்தில் பெருமைக்குரிய விளம்பரமாக விளங்கியது. 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு உலகிற்கு அறிமுகமான இவ்வொலிமுறையைத் தமிழில் 1996இல் வெளிவந்த ‘கருப்பு ரோஜா’ கையாண்டது.

இம்முறையில் ஒலி படச்சுருளில் இராது. தனிக் குறுந்தகடுகளில் இருக்கும். சுருளில், படத்திற்கும் பழைய ஒலித்தடத்திற்கும் இடையே, நேரக்குறி ஒன்று மெல்லிய கோடாக அச்சிடப்பட்டிருக்கும். கருவி அதனைப் படித்து உரிய ஒலியை எழுப்பும். சுருள் அறுந்து, சில சட்டகங்கள் வெட்டி ஒட்டப்பட்டாலும் உதட்டசைவும் சொல்லும் பிரிவதில்லை. குறி தாவும் இடத்திற்கு ஒலியும் தாவிவிடும். குறி தேய்ந்துபோயின், பழைய ஒலித்தடம் கைகொடுக்கும். பலமுறை ஓடித் தேய்ந்த சுருள்களைப் பெற்ற அரங்குகளுக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

இந்தியாவிற்கு இதனைக் கொணர்ந்தது சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம். வியப்பென்னவெனில், பின்னர் ‘கியூப்’ என்னும் எண்ணிமத் திரையிடலைப் பரப்பியதும் அந்நிறுவனமே. அதில் படமும் ஒலியும் கணினிக் கோப்புகளாகச் சேர்ந்தே வந்தன. நேரக்குறிக்கும் தகட்டிற்கும் வேலையில்லை. டி.டி.எஸ். தகடுகள் ஒலித்தரத்தில் தோற்கவில்லை. அவை சார்ந்து நின்ற சுருளே ஒழிந்தது. அறுந்த சுருளை இருட்டில் நொடிப்பொழுதில் ஒட்டப் பழகிய ‘ஆபரேட்டர்’களின் கைத்திறனும் அதனோடு வேலையிழந்தது.