ஐம்பத்தெட்டுக்குப் பிறகு அம்பயர் வேலை

சந்தாபுரா சர்க்கிளில் விடியற்காலையிலேயே கூட்டம் கூடிவிடுகிறது. பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், அத்திப்பள்ளி, ஓசூர் பக்கம் பஸ் பிடிக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அவசரம். இவர்கள் நடுவே தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, எங்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயமில்லாமல் நடக்கிற சிலரையும் பார்க்கலாம். அவர்கள்தான் எங்களைப் போன்ற ரிடையர்டு ஆசாமிகள்.

சர்வீஸில் இருக்கும்போது பி.எஃப்., கிராச்சுவிட்டி கணக்குப் போடாதவர் கிடையாது. 1995-ஆம் ஆண்டு பென்ஷன் திட்டப்படி 58 வயதில் பென்ஷன் வரும், அது மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாது என்று 2014-ல் ஏற்பாடாயிற்று என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் பணத்துக்குக் கணக்குப் போட்ட நாம் பொழுதுக்குக் கணக்குப் போடுவதில்லை. சங்கு ஊதாத, பஞ்ச் கார்டு இல்லாத பதினாறு மணி நேரம் தினமும் எதிரே வந்து நிற்கும்போதுதான் விழிக்கிறோம்.

கேட்டால்தான் அவுட்

காலை நடையில் அடிக்கடி காதில் விழுகிற புலம்பல் ஒன்று உண்டு: "வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பே இல்லை, சார்!" இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும்.

1975 ஜனவரியில், பொங்கல் சமயம், சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக நம் பெங்களூர் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ரன் எடுத்ததை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆண்டி ராபர்ட்ஸ் ஒருவரே ஏழு விக்கெட் சாய்த்த அந்த இன்னிங்ஸில் இந்தியா எடுத்தது மொத்தம் 190. வாலிபத்தில் விஸ்வநாத் என்றால் உயிர். வயதான பிறகு நான் அதிகம் நினைப்பது சென்னை வெங்கட்ராகவனை. 1965 முதல் 1983 வரை 57 டெஸ்ட் ஆடினார். ஓய்வு பெற்ற பிறகு வெள்ளைக் கோட்டு அணிந்து அதே மைதானங்களுக்குத் திரும்பினார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட் போட்டிகளுக்கு அம்பயர்! ஆடியதைவிட நடுவராக நின்றதுதான் அதிகம்.

அம்பயர் ஒவ்வொரு பந்தையும் கவனிக்கிறார். ஆனால் ஆட்டக்காரர்கள் 'அப்பீல்' செய்யாமல் அவுட் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை, அது விதி. நோ பால் என்றால் யாரும் கேட்காமலே சொல்லலாம். வீட்டுப் பெரியவருக்கும் இதுவே சட்டம். மகன் எந்த வண்டி வாங்குகிறான், மருமகள் குழம்பில் என்ன போடுகிறாள் என்பதற்கெல்லாம் அப்பீல் வரட்டும். கேஸ் அடுப்பு மூடாமல் கிடந்தாலோ, பேரன் ஓசூர் ரோட்டில் குறுக்கே ஓடினாலோ அது நோ பால், உடனே கத்தலாம். மதிப்பு தானே வரும்.

மாஸ்தியின் நாற்பத்து மூன்று ஆண்டுகள்

பேசாமல் இருக்கும் நேரத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பெங்களூரிலேயே பதில் இருக்கிறது. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் பேசியது தமிழ், எழுதியது கன்னடம். மைசூர் அரசில் பெரிய உத்தியோகம். தமக்குக் கீழே இருந்தவரை மேலே உயர்த்தியதால் 1943-ல் வேலையை விட்டு விலகினார். அப்போது வயது 52. மனம் கசந்து உட்கார்ந்துவிட நியாயமான காரணம்தான்.

அவர் உட்காரவில்லை. அடுத்த ஆண்டே 'ஜீவன' பத்திரிகையை ஏற்று நடத்தினார். குடகின் கடைசி மன்னரைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' நாவலை 1956-ல், 65 வயதில் வெளியிட்டார். தமிழிலும் வந்துள்ள அந்த நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தபோது அவருக்கு வயது 92. மாலையில் பசவனகுடி கிளப்புக்கு நடந்து போய் நண்பர்களோடு சீட்டாடவும் அவருக்கு நேரம் இருந்தது. 1986 ஜூன் 6-ல், தம் பிறந்த நாளிலேயே, 95 வயது நிறைந்து காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி வந்தது 1920-ல், உத்தியோகத்தில் இருந்தபோதே. ஓய்வு நாளில் திடீரென்று முளைத்த பழக்கமல்ல. முன்பே நட்டு வைத்த செடி.

வள்ளுவர் எழுதாத அதிகாரம்

திருக்குறளில் 133 அதிகாரங்கள் உண்டு. முதுமைக்கென்று தனி அதிகாரம் கிடையாது. நிலையாமைக்கு உண்டு. அது கிழவர்களுக்காக மட்டும் எழுதியதா? நாள் கழிகிறது, நல்லதை இப்போதே செய் என்பது இருபது வயதுக்காரனுக்கும் சேர்த்துத்தான். என் சிற்றறிவுக்கு எட்டிய தத்துவம் இவ்வளவே: முதுமை புதிதாக எதையும் கொண்டு வருவதில்லை. அதுவரை சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுக்கிறது.

ஆகவே, சர்வீஸில் இன்னும் பத்து வருஷம் பாக்கி உள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பி.எஃப். பிடித்தம் போலவே தினம் அரை மணி நேரத்தையும் பிடித்தம் செய்யுங்கள். ஒரு புத்தகம், ஒரு கேரம் பலகை, பேச இரண்டு சிநேகிதர்கள் போதும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் வண்டி மாறினால் அல்சூர். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்; நாளைக்கு உங்களோடு புத்தகம் பேச வீட்டில் ஒரு ஆள் வேண்டுமல்லவா?