பழைய தட்டும் மறு அச்சும்

கழக்கூட்டத்தில், டெக்னோபார்க் வளாகத்திற்கு அருகிலுள்ள அடுக்ககம் ஒன்றில் நண்பர் ஒருவர் வசிக்கிறார். சொந்த ஊர் நாகர்கோவில், தொழில் மென்பொருள். பகலெல்லாம் கணினித் திரையில் உழைத்துவிட்டு, மாலையில் அவர் நாடுவது இசைத்தட்டுகளை. அவருடைய அலமாரியில் ஒரே இசைத்தொகுப்பின் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று 1982-இல் வெளிவந்த முதற்பதிப்பு. மற்றொன்று அண்மைக்கால மறுவெளியீடு. முதற்பதிப்புக்குத் தம் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்தவர், கேட்பதென்னவோ மறுவெளியீட்டை மட்டுமே. காரணம் கேட்டதற்கு, “அது பார்ப்பதற்கு, இது கேட்பதற்கு” என்று சிரித்தார்.

அந்தத் தொகுப்பின் கதை சுவையானது. சரண்ஜித் சிங் என்பவர் இந்தித் திரையிசைக் குழுக்களில் கிதார் முதலிய கருவிகளை வாசித்து வந்த கலைஞர். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் அந்நாளில் புதிதாக வெளியிட்டிருந்த டிஆர்-808 தாளக்கருவி, டிபி-303 ஆகியவற்றுடன் ஒரு சிந்தசைசரையும் இணைத்து, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற அத்தட்டு 1982-இல் வெளியாயிற்று. பூபாளி, மால்கௌன்ஸ், கலாவதி ஆகியவையும் அவற்றுள் உண்டு. முறையே நம் மோகனம், இந்தோளம், வலஜி ஆகியவற்றுக்கு இணையானவை.

தட்டு விலை போகவில்லை. பல ஆண்டுகள் கழிந்து, 2002-இல் எடோ பவ்மன் என்ற டச்சு சேகரிப்பாளர் டெல்லியில் அதைக் கண்டெடுத்தார். கேட்டவுடன் வியந்தார். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1987-இல் வெளியாகி, ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புதிய இசைவகைக்குத் தொடக்கமாகக் கருதப்படும் தட்டிலும் அதே டிபி-303 கருவிதான் ஒலிக்கிறது. மும்பைக் கலைஞரோ ஐந்தாண்டுகள் முந்திவிட்டார்! 2010-இல் பவ்மன் தம் ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனத்தின் வழியாக அதை மறுவெளியீடு செய்தார். எழுபது வயதை ஒட்டிய சரண்ஜித் சிங், ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை மீண்டும் வாசித்தார். 2015-இல் அவர் காலமானார். மறுவெளியீடு ஐந்தாண்டு தாமதமாகியிருந்தால், அந்தக் கைதட்டல் அவர் காதுக்கு எட்டியிராது.

இத்தகைய புதையல்கள் இந்தியாவில் வேறு சிலவும் உண்டு. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில், ஒரு சிகரெட் நிறுவனம் நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில் பங்கேற்ற இளைஞர் குழுக்களின் பாடல்கள் தட்டுகளாக வந்தன. மேலைநாட்டுச் சைக்கடெலிக் ராக் அலை நம் நகரங்களைத் தொட்டதற்கான ஆவணங்கள் அவை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மூக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அங்கே கீதா சாராபாய் உள்ளிட்டோர் செய்த சோதனை முயற்சிகள், நாடாக்களிலேயே உறங்கிக் கிடந்து, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. இளையராஜாவின் மின்னணு ஒலிகள் மிகுந்த திரைப்பாடல்களையும் இங்கிலாந்தின் ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ நிறுவனம் தொகுத்து வெளியிட்டது. நம் தந்தையர் வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டு, அயல்நாட்டில் தேடப்படும் பொருளாக இருக்கக்கூடும்.

அரிய தட்டின் விலை ஏன் உயர்கிறது? விற்காத தட்டுகள் குறைவாகவே அச்சிடப்பட்டன. அவற்றுள்ளும் பல தேய்ந்தும் உடைந்தும் போயின. எஞ்சியவற்றின் மதிப்பைத் தீர்மானிப்பது அவற்றின் நிலை. ‘மின்ட்’ தொடங்கி ‘புவர்’ வரை தரவரிசை உண்டு. உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியே தரம் கேட்பது முறை. நண்பர் தவறியது இங்கேதான். விற்றவர் அனுப்பிய படங்களில் உறை புத்தம் புதிதாய் இருந்தது. தட்டின் படமே இல்லை. முழுத்தொகையும் முன்னதாகச் செலுத்திவிட்டார். வந்து சேர்ந்த தட்டில் ஊசி வைத்தால், ராகத்தைவிடக் கீறலே உரக்கக் கேட்டது.

எனவே வாங்குமுன் தட்டின் இரு பக்கங்களையும் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள். நடுவிலுள்ள லேபிளையும், அதையொட்டிய வெற்றுவளையத்தில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டால் முதற்பதிப்பா, மறு அச்சா என்பது பெரும்பாலும் விளங்கும். வெளிநாட்டில் வாங்கினால் அஞ்சல் செலவு, சுங்க வரி, அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவற்றையும் கணக்கிடுங்கள். அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைத் தேவைப்படும்போது மட்டும் இயக்கி, பின்னர் நிறுத்திவிடுவது நலம்.

மறுவெளியீட்டிலும் கவனம் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1982-இல் வந்த தட்டுக்கு 2042 முடியும் வரை உரிமை உண்டு. உரிமம் பெற்ற நிறுவனம் பெரும்பாலும் உரிமையாளரின் பெயரையும் கலைஞரைப் பற்றிய குறிப்பையும் உறையில் அச்சிடும். இவை இல்லாத மலிவான பிரதி, திருட்டு அச்சாக இருக்கலாம். அதில் கலைஞருக்கு ஒரு காசும் சேராது.

கேரளத்து ஈரக்காற்றில் அட்டை உறைகள் எளிதில் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். சுவரை ஒட்டாமலும் வெயில் படாமலும் வையுங்கள்.

இதை முதலீடாகக் கருதலாமா? இன்று அரிதாயிருப்பது நாளை மறுவெளியீடு காணலாம், விலையும் சரியலாம். அவசரத்திற்கு விற்கவும் இயலாது. சேமிப்பு போக எஞ்சும் பணத்தில், கேட்கும் ஆசைக்காக வாங்குவதே அறிவுடைமை.

அன்று மாலை நண்பர் மறுவெளியீட்டைச் சுழலவிட்டார். மால்கௌன்ஸ் தொடங்கியது. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “இது இந்தோளமில்லையா மக்களே?” என்றார். பாதிச் சம்பளம் கொடுத்த தட்டு அலமாரியிலேயே இருந்தது.